சீன மொழி படிக்கச் சீனா போகிறவர்களுக்கு: தமிழிலிருந்து நேரே ஒரு வழிகாட்டி

பெய்ஜிங்கில் என் முதல் வார வகுப்பில் ‘மனிதன்’ என்பதற்கான சீனச் சொல்லை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. ரஷ்யாவிலிருந்து வந்தவருக்கும் ஜப்பான்காரருக்கும் அது வாயில் வரவில்லை. நான் வைத்திருந்த ஆங்கிலப் புத்தகம் அந்த ஒலிக்கு அரைப்பக்க விளக்கம் கொடுத்திருந்தது. அதைப் படித்து எனக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை. ஆசிரியை தன் நாக்கு மடியும் விதத்தைக் கையை வளைத்துக் காட்டினார். அட, இது நம் ‘ழ’ அல்லவா என்று தோன்றியது. ‘ழன்’ என்று ஏறுகுரலில் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அன்று புரிந்த விஷயத்தைத்தான் இப்போது என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். சீனத்துக்குப் போக ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். நம் மொழியிலிருந்து அங்கே நேரே ஒரு பாதை இருக்கிறது, பல இடங்களில் அதுதான் குறுக்குவழியும். விசா, விண்ணப்பம் போன்ற வேலைகளை அததற்குரிய இடத்தில் சொல்கிறேன். மொழிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போவதே அதற்காகத்தான்.

படி 1: எங்கே, எவ்வளவு காலம்

சீன மொழி படிக்க வெளிநாட்டு மாணவர்கள் சேரும் படிப்பு பெரும்பாலும் பட்டம் தராத மொழிப்படிப்பு. ஒரு செமஸ்டர் அல்லது ஓராண்டு. செப்டம்பரில் ஒரு சேர்க்கை, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் ஒரு சேர்க்கை. முடிந்தால் செப்டம்பரில் தொடங்கி ஓராண்டு இருங்கள். முதல் நான்கு மாதம் காது பழகவே போய்விடும், இரண்டாம் செமஸ்டரில்தான் வாய் திறக்கும்.

இதற்கென்றே 1962இல் தொடங்கப்பட்டது பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம். ஹாய்தியன் பகுதியில், வூதாவ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் பல்கலைக்கழகங்கள், பல நாட்டு மாணவர்கள். அங்கே உள்ள ஒரே ஆபத்து, சுற்றியிருப்பவர்களுடன் ஆங்கிலத்திலேயே பேசி ஓராண்டைக் கழித்துவிட முடியும் என்பதுதான். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் செலவு அதிகம், ஓராண்டுக் கல்விக்கட்டணமே பல இடங்களில் 20,000 யுவானைத் தாண்டும். உள்நாட்டு நகரங்களில் குறையும். ஹார்பினில் உச்சரிப்பு மாண்டரின் எனப்படும் பொதுமொழிக்கு மிக நெருக்கமானது. ஆனால் சனவரியில் குளிர் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். யுன்னான் மாகாணத்தின் குன்மிங்கில் ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம், செலவும் குறைவு. குவாங்சோவில் தெருமொழி கான்டனீஸ் என்ற வேறொரு சீன மொழி என்பதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

தைவானும் ஒரு நல்ல வழி. தைபெயில் தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956 முதல் நடக்கிறது. அங்கே பழைய, முழுமையான எழுத்துகள். சீன நிலப்பரப்பில் 1956க்குப் பிறகு வந்த எளிமையாக்கப்பட்ட எழுத்துகள். தைவான் படிப்புக்கும் உதவித்தொகைக்கும் சென்னையிலேயே தைபெய் பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது. இனி வருவது சீன நிலப்பரப்பை மனதில் வைத்து எழுதியது.

படி 2: பணம், உதவித்தொகை

இரண்டு வழிகளை முதலில் பாருங்கள். ஒன்று சீன அரசின் உதவித்தொகை. கட்டணம், விடுதி, காப்பீடு ஆகியவற்றோடு படிப்பின் நிலையைப் பொறுத்து மாதம் 2,500 முதல் 3,500 யுவான் வரை கைச்செலவுக்கு வரும். இன்னொன்று சர்வதேசச் சீன மொழி ஆசிரியர்களுக்கான உதவித்தொகை. முன்பு கன்ஃபூஷியஸ் நிலைய உதவித்தொகை என்று அழைக்கப்பட்டது இதுதான். ஓராண்டு மொழிப்படிப்புக்கும் கிடைக்கும், ஆனால் எச்எஸ்கே மதிப்பெண் காட்ட வேண்டும்.

எச்எஸ்கே என்பது சீன மொழித் திறனுக்கான அரசுத் தேர்வு. பழகிய ஆறு நிலைகளில் முதல் நிலைக்கு 150 சொல், பிறகு 300, 600, 1,200, 2,500, ஆறாவதுக்கு 5,000. 2021இல் வந்த புதிய தரநிலை ஒன்பது நிலைகளும் 11,092 சொற்களும் கொண்டது. பதிவு செய்யும்போது எந்தத் தரநிலைப்படி தேர்வு நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாடப்புத்தகம் வாங்குங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் கன்ஃபூஷியஸ் நிலையம் இதற்கான இடம்.

செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் முந்தைய நவம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் சனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்துவிடும்.

படி 3: காகிதங்கள்

பாஸ்போர்ட், கடைசியாக முடித்த படிப்பின் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வெளிநாட்டவருக்கான மருத்துவப் பரிசோதனைப் படிவம், காவல்துறை நன்னடத்தைச் சான்று. தமிழில் உள்ள சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில அல்லது சீன மொழிபெயர்ப்புடன் நோட்டரி சான்றும் வேண்டும். மருத்துவப் படிவத்தில் புகைப்படத்தின் மேல் மருத்துவமனை முத்திரை பாதி விழுந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் திரும்ப அலைந்தவர்கள் நிறைய.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மற்றோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். சீனாவில் சிம் கார்டு, வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், அலிபே என்ற பணச் செயலி எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். ஒரு வங்கிக் கிளையில் என் பெயரை முன்பின்னாக மாற்றிப் பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்தும் வரை மூன்று வாரம் உதவித்தொகை கைக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதி, பெயரை எப்படிப் பதிவார்கள் என்று கேட்டுவிடுங்கள். அதன் பிறகு எல்லாப் படிவத்திலும் அதே வரிசை, அதே இடைவெளி.

இடம் கிடைத்தால் சேர்க்கைக் கடிதமும் விசாவுக்கான படிவமும் வரும். அரசு உதவித்தொகை மாணவர்களுக்கு ஜேடபிள்யூ 201, சொந்தச் செலவில் வருபவர்களுக்கு ஜேடபிள்யூ 202. 180 நாளுக்கு மேல் படிப்பவருக்கு எக்ஸ்1 விசா, அதற்குள் முடிப்பவருக்கு எக்ஸ்2. இந்தப் படிவத்தையும் கடிதத்தையும் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். கைப்பையிலேயே இருக்கட்டும், மருத்துவப் படிவத்தின் அசலும்தான்.

படி 4: புறப்படும் முன் மூன்று மாதம்

இந்த மூன்று மாதத்தில் எழுத்துகளைத் தொட அவசரப்படாதீர்கள், ஒலியைச் சரிசெய்யுங்கள். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் ஏற்கப்பட்டது. அதை ஆங்கிலம்போல் படிப்பதில்தான் முதல் தவறு நேர்கிறது. பின்யினில் ‘பி’ (b) என்று எழுதியிருப்பது ஆங்கில ‘பி’ (b) அல்ல. அது ‘பல்’ என்று சொல்லும்போது வரும் நம் ‘ப’. ‘டி’ (d) என்று இருப்பது ‘தலை’யின் ‘த’ போல, ‘ஜி’ (g) என்று இருப்பது ‘கல்’லின் ‘க’. தமிழர் வாயில் இவை பிறவியிலேயே இருக்கின்றன. நமக்கு இல்லாதவை இவற்றின் மூச்சொலி வடிவங்கள். உதட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் காகிதத் துண்டைப் பிடியுங்கள். நம் ‘ப’வில் காகிதம் அசையாது, சீனத்தின் மூச்சு ‘ப’வில் அது படபடக்க வேண்டும். தினம் பத்து நிமிடம் போதும். ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ இன்னொரு சீன ஒலிக்கு மிகக் கிட்டே நிற்கிறது, அதையும் மூச்சோடு சொல்லிப் பழகுங்கள். நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளுக்கு ‘ட’வும் ‘ழ’வும் சொல்லும் நாக்கு ஏற்கெனவே தயார். உண்மையிலேயே புதிதாகப் படிக்க வேண்டிய ஒன்று: ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிப்பது.

அடுத்தது தொனி. நான்கு தொனிகள், கூடவே தொனியில்லாத ஒரு மெல்லொலி. ‘மா’ என்பது முதல் தொனியில் அம்மா, இரண்டில் சணல், மூன்றில் குதிரை, நான்கில் திட்டுதல். தமிழில் தொனி சொல்லின் பொருளை மாற்றாது, ஆனால் தொனிகள் நம் வாயில் இல்லாமல் இல்லை. மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னால் ஒரே உயரத்தில் ‘ஆ’ என்கிறோமே, அது முதல் தொனி. காதில் விழாமல் ‘ஆ?’ என்று கேட்பது இரண்டாவது. யோசனையோடு தாழ்த்தி இழுக்கும் ‘ஆ...’ மூன்றாவது. ‘போ!’ என்று வெட்டிச் சொல்வது நான்காவது. வாங்குவதும் விற்பதும் ஒரே ‘மாய்’தான், மூன்றாம் தொனியா நான்காம் தொனியா என்பதே வித்தியாசம். சூப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரே ‘தாங்’. ஒரு சொல்லைத் தொனி இல்லாமல் மனப்பாடம் செய்தால் பாதிச் சொல்லைத்தான் படித்திருக்கிறீர்கள்.

படி 5: இலக்கணத்தைத் தமிழில் யோசியுங்கள்

நான் அதிகம் பேச விரும்பும் பகுதி இது. ஆங்கில வழியில் படிப்பவர்கள் திணறும் பல இடங்களில் நமக்கு வழி திறந்தே இருக்கிறது.

‘நான் நேற்று வாங்கின புத்தகம்.’ சீனத்தில்: வோ, ஸுவோதியன், மாய், த, ஷூ. நான், நேற்று, வாங்கு, -இன, புத்தகம். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் வைத்துவிட்டு மீதியைப் பின்னால் ஒட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் ‘த’ என்ற இந்தச் சின்னச் சொல்லைப் பிடிக்க மாதக்கணக்காகும். நம் பெயரெச்சத்தை நினைத்துக்கொண்டால் ஒரே நாளில் கைக்கு வரும்.

‘நான் பெய்ஜிங்கில் படிக்கிறேன்’ என்பதிலும் இடம் முதலில், வினை பிறகு. காலமும் வினைக்கு முன்னால். மாறுவது செயப்படுபொருள் மட்டும். அது வினைக்குப் பின்னால் போகும்: ‘நான் சாப்பிடு சோறு.’

கேள்வி கேட்பது இன்னும் எளிது. ‘நீ வருகிறாய்’ என்பதோடு ‘ஆ’ சேர்த்தால் நமக்குக் கேள்வி. அவர்கள் கடைசியில் ‘மா’ சேர்க்கிறார்கள். சொல்வரிசை கலையாது.

பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ‘ல’ என்ற இடைச்சொல் இருக்கிறதே, அதை இறந்தகாலம் என்று ஆங்கிலக் குறிப்புகள் சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அது பல இடங்களில் நம் ‘ஆச்சு’. ‘ச்சர் ல’ என்றால் சாப்பிட்டாச்சு. வெளியே பார்த்து ‘மழை வந்தாச்சு’ என்று சொல்லும் இடத்தில் அவர்களும் அதே ‘ல’வைப் போடுவார்கள். பழைய பெய்ஜிங்காரர்கள் வழியில் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா?’ என்றுதான் விசாரிப்பார்கள், நம் ஊர்த் தெருவைப் போலவே. அதற்குப் பதில் ‘ஆச்சு, நீங்க?’ என்பது மட்டும்தான்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. வடசீனப் பேச்சில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் ‘ஸான்மன்’. ‘நீ’, ‘நீங்கள்’ போல ‘நீ’, ‘நின்’. உறவுமுறையில் வெளிநாட்டு மாணவர்கள் மிரண்டுபோவார்கள், நமக்கோ வீட்டுக்குள் நுழைவதுபோல் இருக்கும்: அண்ணன் ‘க-க’, தம்பி ‘தீ-தி’, அக்கா ‘ஜியே-ஜியே’, தங்கை ‘மேய்-மேய்’. பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கும் அத்தைக்கும் தனித்தனிச் சொற்கள். அறிமுகமில்லாத பெரியவரைச் ‘ஷூஷு’ என்று, அதாவது சித்தப்பா என்று, கூப்பிடுவது அங்கேயும் வழக்கம்.

எண்களில் மட்டும் கவனம். அவர்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுவார்கள், அது ‘வான்’. ஒரு லட்சம் என்றால் பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான். வீட்டு வாடகை பேசும் முன் இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 6: எழுத்துகள்

சீன எழுத்துகள் எல்லாம் ஓவியம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெண்ணும் குழந்தையும் சேர்ந்தால் ‘நல்லது’, மூன்று மரம் சேர்ந்தால் ‘காடு’ என்பவை அழகான விதிவிலக்குகள். பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி பொருளைக் காட்டும், மறுபாதி ஒலியைக் காட்டும். ‘ச்சிங்’ என்ற ஒலிப்பகுதியின் இடப்பக்கம் நீர் வந்தால் ‘தெளிந்த’, பேச்சு வந்தால் ‘தயவுசெய்து’, நெஞ்சு வந்தால் ‘உணர்ச்சி’, சூரியன் வந்தால் ‘வெளிவாங்கிய வானம்’. இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படித்தால் ஒரு நாளில் ஐந்தாறு எழுத்து நிற்கும். தனித்தனியாகப் படித்தால் மறுநாளே மறக்கும்.

கையால் எழுதுங்கள். வரிசை முக்கியம்: மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். அன்றாடத்துக்கு அடிக்கடி தேவைப்படும் எழுத்துகள் என்று 1988இல் சீன அரசு பட்டியலிட்டது 2,500. ஓராண்டில் 800 முதல் 1,000 வரை நன்றாகத் தெரிந்தாலே பெரிய வேலை. அகராதிக்குப் பிளெக்கோ செயலியைப் புறப்படும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: வந்து இறங்கிய முதல் மாதம்

விடுதியில் சேர்ந்தால் காவல்துறைப் பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளியே வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே போய்ப் பதிய வேண்டும். எக்ஸ்1 விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது கைக்கு வரும் வரை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. மாணவர் அனுமதியில் பல்கலைக்கழக ஒப்புதல் இல்லாமல் பகுதிநேர வேலை பார்ப்பது சட்டத்துக்குப் புறம்பு. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பணம் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

வீட்டோடு பேசும் வழியை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது. சீனாவில் எல்லோரும் வைத்திருக்கும் வீசாட் என்ற செய்திச் செயலி இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடையில் இருக்கிறது. சொந்த ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் முதல் வாரங்களைச் சமாளிக்கலாம். விமானநிலையத்தில் இறங்கியதும் அம்மாவுக்குச் செய்தி போகவில்லை என்றால் அந்த இரவு இரண்டு பக்கமும் தூக்கமிருக்காது. பணத்துக்கு அலிபே, வீசாட் பே. வெளிநாட்டு அட்டைகளையும் இணைக்கலாம். தெருவோரக் காய்கறிக் கடை வரை அதுதான் ஓடுகிறது.

சாப்பாடு: ‘ரொவ்’ என்று தனியாகச் சொன்னால் பன்றி இறைச்சி என்றுதான் பொருள். காய்கறிப் பொரியலிலும் அதைக் கொத்திப் போடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘வோ ச்சர் ஸூ’ என்ற மூன்று சொல்லை விமானத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். முஸ்லிம் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் ‘ச்சிங்ஜன்’ என்ற பலகையோடு தனி கேன்டீன் உண்டு.

படி 8: வகுப்பும் அதற்கு வெளியேயும்

முதல் வாரம் நிலைத்தேர்வு. அதில் தெரியாததை ஊகித்து எழுதி மேல்வகுப்பில் போய் உட்காராதீர்கள், கீழே இருந்து அடித்தளம் பலமாக வரட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை பெரும்பாலும் காலையில் வகுப்பு: விரிவுப்பாடம், பேச்சு, கேட்டல். கூடவே சொல்வதெழுதுதல் அடிக்கடி வரும். மதியம் எழுத்துக்கலை, தாய்ச்சி போன்றவை விருப்பப்பாடம். தூரிகை எழுத்துக்கலையைக் கட்டாயம் எடுங்கள். அது கைக்கு வந்தபின் அவசரக் கையெழுத்தில் எழுதிய கடைப்பலகைகள்கூடப் படிக்க வரும்.

பேச்சுத்துணை தேடுவதில் நமக்கு ஒரு பேறு இருக்கிறது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 முதல் நடக்கிறது. பெய்ஜிங்கில் சீனத் தொடர்பியல் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். தங்களுக்குத் தமிழ்ப் பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் சீனம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் மூன்றாவது மொழியே வராது. அவர்கள் ‘ல’கர ‘ள’கரத்தோடு போராடுவதைப் பார்க்கும்போது நம் தொனிப் பிழைகளையும் அவர்கள் ஏன் அவ்வளவு பொறுமையாகத் திருத்துகிறார்கள் என்று புரியும்.

பழக்கவழக்கங்களில் பெரும்பாலானவை பார்த்தே வந்துவிடும். இரு கையால் கொடுப்பது, பெரியவர் உட்காரும் வரை நிற்பது எல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிகாரத்தை மட்டும் யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். அந்தச் சொற்றொடர் இறுதிச்சடங்கு செய்வது என்பதுபோல் ஒலிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் ச்சிங்மிங் நாளில் குடும்பத்தோடு முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைப்பார்கள். அழைத்தால் போங்கள், அமைதியாகப் பக்கத்தில் நில்லுங்கள்.

விடுமுறையில் ஒரு பயணம் போக முடிந்தால் ஃபூஜியன் மாகாணத்தின் ச்சுவான்சோவுக்குப் போய்வாருங்கள். தமிழ் வணிகர்கள் தங்கியிருந்த துறைமுகம் அது. அங்கே கிடைத்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்துகள். காய்யுவான் கோயிலின் பின்புறத் தூண்களில் நம் ஊர்ச் சிற்பிகளின் கைவண்ணம் போன்ற சிவன், திருமால் சிற்பங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கையின் காலியில் நாட்டிய, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. அது இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். இலங்கை மாணவர்கள் புறப்படும் முன்பே பார்த்துவிட்டுப் போகலாம்.

படி 9: திரும்பும் முன்

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பே எச்எஸ்கே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். காது முழுவதும் சீனமாக இருக்கும் அந்த நாட்களில் கேட்டல் பகுதியில் கிடைக்கும் மதிப்பெண் ஊரில் ஆறு மாதம் கழித்து எழுதினால் வராது. படிப்பு முடித்த சான்றையும் மதிப்பெண் பட்டியலையும் சிவப்பு முத்திரையோடு அசலாகக் கையில் வாங்குங்கள், அஞ்சலில் அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கிக் கணக்கில் உள்ளதை எடுத்துவிட்டு மூடுங்கள். வதிவிட அனுமதி முடியும் தேதிக்கும் விமானத் தேதிக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும். வகுப்பாசிரியையின் முகவரியைச் சீன எழுத்தில் உங்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் முதல் கடிதத்தைத் தூரிகையால் அவருக்கு எழுதலாம்.